உலகம்மாள் ஏறாத வண்டி

நவம்பர் 8, வெள்ளி

ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், கோபம் வந்தால் கத்தாதீர்கள், எழுதி வையுங்கள் என்றார். வயர் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஒன்று கடையில் சும்மா கிடந்தது. சரி, எழுதுகிறேன்.

இன்று புதுக் கார் எடுத்தேன். திருநெல்வேலி ஷோரூமில் ஒன்பது மணிக்கு வரச் சொன்னான். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் வண்டி வெளியே வந்துவிட வேண்டும் என்று போன வாரமே நாலு தடவை படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தென்காசியிலிருந்து ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போய் உட்கார்ந்தால், "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சார்" என்கிறான். அந்தச் சவம் எழுந்து நடமாடும்போது மணி பத்து நாற்பது. பன்னிரண்டு வரை ஏசிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். அப்புறம் வண்டிமேல் சிவப்புத் துணியைப் போர்த்தி, முன்னால் மேசை போட்டு, கேக் வெட்டச் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு வயதில் என் பிறந்தநாளுக்கே நான் கேக் வெட்டியதில்லை. தகரத்துக்கு வெட்டினேன். கை தட்டினார்கள்.

ஸ்டெப்னி எங்கே என்றேன். கிடையாதாம். பஞ்சர் ஆனால் அடைக்க ஒரு டப்பா பசை கொடுத்திருக்கிறான். வண்டி பற்றிய புத்தகம் எங்கே என்றேன். போனில் படிக்க வேண்டுமாம். ஏசியைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு கூட இல்லை, எல்லாவற்றையும் கண்ணாடித் திரையில் தடவித் தடவித்தான் செய்ய வேண்டும். எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிற எனக்கே ஒரு சுவிட்ச் இல்லாத வண்டி!

ஆனாலும் இதை வாங்கியதற்குக் காரணம் உண்டு. முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால் இது தானாகவே பிரேக் போடும். தை மாதம் மகள் சுபாவுக்குத் திண்டுக்கல்லில் வளைகாப்பு. தலைப்பிரசவம், முடித்த கையோடு பிள்ளையை நம் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். உலகம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "நீங்க ஓட்டுத வண்டியில எம் பிள்ளைய ஏத்த மாட்டேன்." அவளும் இரண்டு வருடமாக ஏறுவதில்லை. கிருஷ்ணன்கோவில் பக்கம் அந்த லாரிக்காரன் திடீரென்று பிரேக் போட்டால் நான் என்ன செய்ய முடியும்? அவள் இடது கைக்குள் பிளேட் வைத்தது என் தப்பா? லாரிக்காரன் கருத்தப்பாண்டியின் லைசென்ஸைப் பிடுங்கினார்கள். நல்லா வேணும்.

வீட்டு வாசலில் உலகம்மாள் ஆரத்தி எடுத்தாள். வண்டியின் முன்பக்கம் கம்பெனி முத்திரைக்குக் கீழே கறுப்பாக, வழவழவென்று ஒரு பலகை இருக்கிறது. பொட்டு வைக்க என்றே செய்த மாதிரி. அதில் சந்தனத்தை வழித்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். ஏறிப் பாரேன், தெரு முனை வரை போய்விட்டு வரலாம் என்றேன். அடுப்பில் பால் இருக்கிறதாம்.

நவம்பர் 9, சனி

வண்டி எடுத்து இரண்டாம் நாள். ஆய்க்குடி விலக்கு தாண்டவில்லை, டொய்ங் டொய்ங் என்று சத்தம். திரையில் மஞ்சளாக எழுத்து: முன்பக்கப் பாதுகாப்பு வேலை செய்யாது. வேலை செய்யாது! எதற்காக வாங்கினேனோ அதுவே வேலை செய்யாதாம்.

நவம்பர் 11, திங்கள்

கடையைப் பூட்டிவிட்டுத் திருநெல்வேலிக்குப் போனேன். சர்வீஸில் ஜெபசிங் என்று ஒருவர், கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். "முதல்ல வாட்டர் வாஷ் சார், அப்புறம்தான் செக்கிங். அதான் எங்க முறை" என்றார். நுரை போட்டுக் குளிப்பாட்டி, உள்ளே கொண்டுபோய், மூன்று மணி நேரம் கழித்து வெளியே தள்ளினார்கள். "ஒரு ப்ராப்ளமும் இல்ல சார்."

"அப்போ நான் பொய் சொல்லுதேனா?"

"அப்படிச் சொல்லல சார். வண்டியில எரர் இல்லனு சொல்லுதேன்."

திரும்பி வரும்போது டொய்ங் இல்லை, மஞ்சள் எழுத்தும் இல்லை. எனக்குத்தான் மண்டை காய்ந்தது.

நவம்பர் 16, சனி

மறுபடியும் டொய்ங். ஜெபசிங்குக்கு ஏழு தடவை போன் போட்டேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று ஒரு பெண் பாட்டோடு சொல்லிக்கொண்டே இருந்தாள். முக்கியம் என்றால் எடுக்க வேண்டியதுதானே?

நவம்பர் 20, புதன்

சாவி என்னைத் தெரியாது என்கிறது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றால் திறக்க வேண்டும். அரை மணி நேரம் நின்றேன். எதிர்வீட்டு வாத்தியார் பார்த்துக்கொண்டே இருந்தார். சாவிக்குள் பொத்தான் பேட்டரி போய்விட்டதாம், பன்னிரண்டு நாளில்! நல்லவேளை, அந்தப் பேட்டரியை என் கடையிலேயே விற்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்றைக்கு வந்த கோபம் லேசில் அடங்காது. கல்யாண மண்டபம் ஒன்றுக்கு ஒயரிங் சாமான் எடுக்க ராஜபாளையம் போனேன். சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்குக் கிளம்பினேன். சிவகிரி தாண்டியதும் திரையில் ஒரு காபிக் கோப்பை. ஆவி பறக்கிறது. பக்கத்தில், கவனம் குறைகிறது, ஓய்வெடுக்கவும் என்று எழுத்து.

யாருக்குக் கவனம் குறைகிறது? முப்பத்தோரு வருடமாக ஓட்டுகிறேன். நேற்றுப் பிறந்த தகரடப்பா எனக்குச் சொல்கிறதா? நான் உறங்கவே இல்லை. மண்டபத்துக்கு எத்தனை காயில் வேண்டும் என்று கண்ணை மூடி ஒரு கணக்குப் போட்டேன், இரண்டு வினாடி. அது உறக்கமா? ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். ஹாரன் அடித்து, ஆட்டுக்காரர் ஒருவர் பயந்து பள்ளத்தில் இறங்கினார்.

வீட்டுக்கு வந்து இதைக் கத்தினேன். உலகம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கோப்பையா காட்டிச்சு?" என்று மட்டும் கேட்டாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

மறுபடி சர்வீஸ். மறுபடி குளியல். மறுபடி எரர் இல்லை. அந்தக் கோப்பையை நிரந்தரமாக ஒழித்துக்கட்டச் சொன்னேன்.

"ஆஃப் பண்ணலாம் சார். ஆனா வண்டிய அணைச்சு மறுபடி எடுத்தா திரும்ப வந்துரும். அது சேஃப்டிக்காக சார்."

"எனக்கு எதுக்குவே சேஃப்டி? லாரிக்காரனுக்கு வையும்!"

ஜெபசிங் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நடுரோட்டில் பின்விளக்குப் போடாமல் லாரியை நிறுத்துகிறவனுக்கு ஒரு கோப்பையும் கிடையாது. ஒழுங்காக வரி கட்டி வண்டி வாங்கியவனுக்குக் கோப்பை!

டிசம்பர் 7, சனி

டொய்ங்.

டிசம்பர் 14, சனி

டொய்ங். எழுதி என்ன ஆகப்போகிறது? கொதிப்பு நூற்று அறுபது.

டிசம்பர் 22, ஞாயிறு

சுபா போன் பேசினாள். "அப்பா, புது வண்டியிலயா என்னைக் கூப்பிட வாறிய?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். ஆமா தாயி என்றேன். உலகம்மாள் போனை வாங்கி, "அப்பாவுக்குக் கடை வேலை இருக்கும். நான் டாக்ஸி சொல்லியிருக்கேன்" என்றாள்.

எனக்குத் தெரியாமல் டாக்ஸி! போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். வீட்டு வாசலில் நேற்று எடுத்த மாதிரி மினுமினுவென்று ஒரு வண்டி நிற்கிறது. ஊரான் வண்டியில் என் மகள் வந்து இறங்கினால் எதிர்வீட்டு வாத்தியார் என்ன நினைப்பார்? அவள் வலது கையால் மட்டும் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு முனையைக் குழாயில் கட்டிவிட்டு மறுமுனையை முறுக்குவாள். அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். நான் பிழிந்து தருகிறேன் என்றாலும் தரமாட்டாள்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். நம்மிடம் மாடு இல்லை, அதனால் உலகம்மாள் காரைக் குளிப்பாட்டினாள். இன்று சந்தனம் அரை விரல் கனம். கறுப்புப் பலகை தெரியவே இல்லை.

தெருக்காரர்கள் கூடி நிற்கிறார்களே என்று பெருமையாக வண்டியை எடுத்தேன். டொய்ங் டொய்ங் என்று ஊளையிட்டது. "புது வண்டி அழுவுதே?" என்றார் வாத்தியார். இந்த வண்டியை எதற்கு வாங்கினேன் என்று விளக்கப்போய், அவருக்கு விபத்துக் கதையை மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. லாரி ரிவர்ஸில் வந்து இடித்தது, நான் இல்லாமல் வேறு எவனாவது ஓட்டியிருந்தால் இரண்டு உயிர் போயிருக்கும் என்று சொன்னேன். ஆரத்தித் தட்டோடு நின்ற உலகம்மாள் உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 27, திங்கள்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

சனிக்கிழமை வழக்கம்போல் டொய்ங். வளைகாப்புக்குப் பதிமூன்று நாள்தான். இன்றைக்குச் சரிசெய்யாவிட்டால் வண்டியை ஷோரூம் வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவது என்று முடிவுகட்டிப் போனேன். அங்கே தண்ணீர் மோட்டார் ரிப்பேர், அதனால் இன்று வாட்டர் வாஷ் கிடையாது. ஜெபசிங் லீவு. ஸ்டெல்லா என்று ஒரு மெக்கானிக், சுரண்டைப் பிள்ளை. கழுவாத வண்டியை முன்னால் வந்து குனிந்து பார்த்தாள்.

"சார், இத யாரு வச்சா?"

"என் வீட்டுக்காரி. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வைப்பா. ஏன், சாமி கும்புடக் கூடாதா?"

"தாராளமா கும்புடுங்க. பிரச்சினை என்னைக்கு சார் வரும்?"

டைரி பையில் இருந்தது. புரட்டினேன். நவம்பர் ஒன்பது சனி. பதினாறு சனி. டிசம்பர் ஏழு சனி. பதினாலு சனி. என் கையெழுத்துதான்.

"இந்தப் பலகைக்குப் பின்னாலதான் சார் ரேடார் இருக்கு. வண்டிக்குக் கண்ணு அதான்" என்று சொல்லி, ஈரத்துணியால் வழித்து எடுத்தாள். காய்ந்த சந்தனம் கட்டி கட்டியாக விழுந்தது. மஞ்சள் எழுத்து போய்விட்டது.

இரண்டு தடவை வந்திருக்கிறேன்! இரண்டு தடவையும் கழுவி, காரணத்தைச் சாக்கடையில் விட்டுவிட்டு, அப்புறம் உள்ளே கொண்டுபோய்ப் பரிசோதித்திருக்கிறார்கள்! லீவில் இருந்த ஜெபசிங்கைப் போனில் கூப்பிட்டு, வாயில் வந்ததெல்லாம் பேசினேன். "முறை அப்படித்தான் சார்" என்றார். உம்ம முறையில் இடி விழ!

மிச்சக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "பொட்ட வச்சு வண்டிக் கண்ணக் குருடாக்கிட்டியே! மூணு மாசமா நான் நாயா அலையுதேன்! பிள்ளையக் கூட்டிட்டு வரணும்னுதானே இத வாங்குனேன்?"

உலகம்மாள் அடுப்பை அணைத்தாள். "எனக்கு அது தெரியாது. தெரிஞ்சா வச்சிருக்க மாட்டேன்" என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "வண்டி தானா நிக்கும்னு நீங்க நம்புதிய. நான் சாமிய நம்புனேன். உங்கள நம்ப முடியலைனா நான் வேற என்ன செய்ய?"

"அன்னைக்கு அந்த லாரிக்காரன் மட்டும்..."

"ஆமா. லாரிக்காரன்" என்றாள். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

ஜனவரி 28, செவ்வாய்

கடைக்குப் போனேன். எட்டு சீலிங் ஃபேன் விற்றது.

பிப்ரவரி 1, சனி

டொய்ங் இல்லை. நேற்று வெள்ளி. உலகம்மாள் பொட்டு வைக்கவில்லை. வண்டியின் கண் திறந்திருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. டாக்ஸியை வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். "வண்டிதானே சரியாச்சு" என்றாள்.

பிப்ரவரி 3, திங்கள்

கடையில் ஆள் இல்லாத நேரத்தில் இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். நவம்பர் எட்டில் லாரி திடீரென்று பிரேக் போட்டிருக்கிறது. நவம்பர் இருபத்தைந்தில் பின்விளக்கு இல்லாமல் நின்றிருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு ரிவர்ஸில் வந்திருக்கிறது. எல்லாம் ஒரே லாரி.

நடந்தது மத்தியானம் மூன்றரை மணிக்கு. மத்தியானம் மூன்றரைக்கு எதற்குப் பின்விளக்கு?

பிப்ரவரி 5, புதன்

எழுத உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி. திண்டுக்கல்

மகள் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே நாளைக்கான வளையல்களை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

காலை ஏழு மணிக்கு டாக்ஸி வந்து நின்றது. உலகம்மாள் சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றினாள், ஒற்றைக் கையால். நான் வாசலில் நின்றேன். அவள் கதவைத் திறந்து காலைத் தூக்கி வைக்கப் போகையில், "உலகு, லாரி ஓரமாத்தான் நின்னுச்சு" என்றேன்.

திரும்பினாள்.

"கல்யாணச் சாப்பாடு. கண்ணு சொருகிச்சு. ராஜபாளையத்துல போய் டீ குடிச்சுக்கிடலாம்னு நெனச்சேன். நான்தான் உறங்கிட்டேன்."

கையில் இருந்த பழத்தட்டை டாக்ஸியின் மேல் வைத்தாள். அப்புறம் தொடங்கினாள். முப்பது வருடத்தில் அவள் இப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியாதா? பக்கத்துலதான இருந்தேன்! உங்க தலை தொங்குனதப் பாத்துதான கையை நீட்டி ஸ்டியரிங்கப் பிடிச்சேன்! அந்தக் கைதான இது!" இடது கையைத் தூக்க முடிந்த மட்டும் தூக்கிக் காட்டினாள். "ஒரு வார்த்த சொல்லுவியனு ஆஸ்பத்திரியில பாத்தேன். வீட்டுல பாத்தேன். ரெண்டு வருசம் பாத்தேன்! வாற போறவன்ட்ட எல்லாம் லாரிக்காரனத் திட்டுதிய, நான் காபி கொடுத்துட்டு நிக்கேன். போலீசு வந்தப்ப நீங்க சொன்னதுக்குக் கீழ நானும் கையெழுத்துப் போட்டேனே, பாவி! வலது கையாலதான போட்டேன்!"

வாத்தியார் கேட்டைத் திறந்து வெளியே வந்தார். வரட்டும்.

"உறக்கம் வாறது தப்பா? மனுசனுக்கு உறக்கம் வரும். வாயத் தொறந்து சொல்லாதவன் பக்கத்துல எப்படி உக்காருவேன்? எம் பிள்ளைய எப்படி உக்கார வைப்பேன்? இன்னும் ரெண்டு மாசத்துல பிள்ளை பெறப்போறா!"

"இப்போ சொல்லிட்டேன்லா?"

"என்கிட்ட சொல்லி என்ன? எனக்குத்தான் தெரியுமே!"

அந்த லாரிக்காரன் கருத்தப்பாண்டியின் மனைவி போன வருடம் நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் கடையில் இருந்த நேரமாம், உலகம்மாள் இப்போதுதான் சொன்னாள். அன்றைக்கு நிஜமாக என்ன நடந்தது என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறாள் இவள். கிருஷ்ணன்கோவிலுக்கு முன்னாலேயே மேற்கே திரும்பினால் அவர்கள் ஊர் என்று முகவரியும் வாங்கி வைத்திருக்கிறாள். "அவுக வீட்டுல போய்ச் சொல்லுங்க. சொன்னா, நாளைக்குப் பிள்ளைய நம்ம வண்டியில கூட்டிட்டு வருவோம். சொல்லலைனா அங்கனயே பஸ் ஏறிருவேன்."

டாக்ஸிக்காரரிடம் சீர்த்தட்டுகளை மட்டும் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, அவள் காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று தெரியவில்லை, ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் மாட்டிவிட்டேன். வழி முழுக்க என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஓட்டுவீடு. கருத்தப்பாண்டி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். போலீஸ் ஸ்டேஷனில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. குடத்தைக் குழாயடியில் அப்படியே விட்டு நிமிர்ந்தார்.

"என்ன, இன்னும் ஏதும் மிச்சம் இருக்கா?" என்றார்.

சொன்னேன். காலையில் வாசலில் உலகம்மாளிடம் சொன்னதைவிடச் சீக்கிரமாகச் சொல்லி முடித்துவிட்டேன். அவர் அடிக்க வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை அடைக்கவும் இல்லை.

"நான் வண்டிய ஓரங்கட்டிட்டு டீ குடிச்சிட்டு இருந்தேன்யா. கையில கிளாஸோட நின்னேன். யாருமே நம்பல. ஓனர் நம்பல, போலீசு நம்பல. லைசென்ஸு திரும்பக் கெடச்ச பெறகும் ஒருத்தன் வண்டி தரல. அரிசி மில்லுல மூட்டை தூக்குதேன்." சத்தம் ஏறிக்கொண்டே போனது. "நீரு குடிச்சிருப்பீரு, அதான் நடுரோட்டுல நிறுத்தினீருனு எம் பொண்டாட்டியே சொல்லுதா. ரெண்டு வருசமா! பிள்ளைக முன்னாடி சொல்லுதா!"

போலீஸில் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். திங்கட்கிழமையே வக்கீலைப் பார்க்கிறேன், வண்டி ஓனரிடமும் நானே வந்து பேசுகிறேன் என்றேன்.

"அதெல்லாம் பெறகு" என்றார். வீட்டைப் பார்த்துத் திரும்பி, "ஏட்டி, வெளிய வா!" என்று கத்தினார். அப்புறம் என்னிடம், "இப்போ சொன்னத அவட்ட சொல்லும். ஒரு எழுத்து விடாம சொல்லும்" என்றார்.

அவர் மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள். உலகம்மாள் காரிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.